பதினோராம் பக்கத்தில் இருந்தவர்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். நண்பர்கள் நால்வருடன் சேர்ந்து நான்கு வருடங்களுக்கு முன் ஒரு டிரஸ்ட் பதிவு செய்தோம். படிக்கும் பிள்ளைகளுக்கு உதவி, முதியோருக்கு மனு எழுதித் தருவது என்று எங்களால் முடிந்ததைச் செய்கிறோம்.

எங்கள் தெருவில் ஒருவர் லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இரவில் பணத்துக்காக வழியில் கொன்றுவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆள் கிடைக்காததால் அரசிடம் கேட்க ஒன்றுமில்லை என்று ஒன்றரை வருடம் சும்மா இருந்துவிட்டார்கள். பிறகு நீதிமன்ற வளாகத்தில் ஒரு சட்டத் தன்னார்வலர் சொல்லித்தான் இழப்பீட்டுக்கு மனுப் போட்டோம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்னென்ன தேவை, என்னென்ன உண்டு என்று ஊருக்குச் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

40 கிராமங்களில் ஃபிளெக்ஸ், பேரணி, ஒரு குறும்படம், நிறைவு விழாவில் பாதிக்கப்பட்ட மூன்று பெண்கள் மேடையில் பேசுவது என்று திட்டம் போட்டு இரண்டு இடங்களுக்கு நிதி கேட்டு விண்ணப்பித்தோம். ஓரிடத்தில் பதிலே இல்லை. இன்னோரிடத்தில் ‘நோக்கம் தெளிவாக இல்லை’ என்று ஒரே வரி. அமெரிக்காவில் அரசே இதற்குப் பணம் தருகிறதாமே? நீங்கள் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். எங்கே தவறினோம்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும் நான்தான் எடுத்தேன். காரணம் கீழே வருகிறது.

விண்ணப்பத்தின் 14 பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். முதல் பக்கத்தில் சங்க இலக்கியத்தில் நீதி. இரண்டாம் பக்கத்தில் இந்தியாவில் குற்றங்கள் பெருகிவருவது பற்றிய கவலை. அதன்பின் டிரஸ்டின் வரலாறு, நிர்வாகிகள் படம், வாங்கிய கேடயங்கள். ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன், 31 இடங்களில் வருகிறது. கடிதத்தில் எனக்கு எழுதினீர்களே, அந்த வேன் ஓட்டுநரின் மனைவி? அவர் பதினோராம் பக்கத்தில் இரண்டு வரியில் இருக்கிறார், பேரணிக்கு டி-ஷர்ட் வாங்கும் செலவுக்குச் சற்று மேலே.

நிதி தரும் இடத்தில் உட்கார்ந்து இப்படிப்பட்ட கட்டுகளைப் படித்திருக்கிறேன். ஒரு மதியத்தில் முப்பது பார்க்கவேண்டியிருக்கும். பதினோராம் பக்கம்வரை யாரும் போவதில்லை. அவர்கள் சொன்ன ‘நோக்கம் தெளிவாக இல்லை’க்கு அர்த்தம் இதுதான்: யாருக்கு எது தெரியாமல் போனது, அதனால் என்ன ஆனது என்று நீங்கள் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியாமல் போனது? ஒவ்வொன்றாகப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்பது தெரியாது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் போலீஸே தனக்குச் சொல்லவேண்டும் என்பது தெரியாது (2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு). குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், வழக்கு நீதிமன்றத்துக்கே போகாவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பி இருந்தவர்களோ, இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்டு மனுச் செய்யலாம் என்பது தெரியாது. அதே சட்டத்தின் 396ஆம் பிரிவில் இருக்கிறது. மனு வந்தால் இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்கவேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. புதிய சட்டம் கொடுத்த சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்ற எண்ணில் 2009 கடைசியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு என்பதும் தெரியாது.

இந்த நான்கும்தான் உங்கள் திட்டம். மிச்சமெல்லாம் அலங்காரம்.

அடுத்து, யாருக்குச் சொல்வது? ஃபிளெக்ஸ் வைத்தால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பார்ப்பார்கள். அவர்களில் யாருடைய வீட்டிலும் அன்றைக்குக் கொலை விழுந்திருக்காது. படித்துவிட்டு மறந்துபோவார்கள், நானும் அப்படித்தான். தேவைப்படுகிற நாளில் அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது? அரசு மருத்துவமனை பிணவறை வாசலில், வேப்பமரத்தடியில், போஸ்ட்மார்ட்டம் முடியக் காத்திருக்கிறது. அங்கிருந்து நாலடி தூரத்தில் புறக்காவல் நிலையம். அடிபட்டு வருகிற ஒவ்வொருவரும் அந்தப் போலீஸ்காரரைத் தாண்டித்தான் போகவேண்டும். பிறகு ஸ்டேஷன். அங்கே இன்ஸ்பெக்டரைவிட ரைட்டர் முக்கியம். எந்தத் தாளை எப்போது கொடுப்பது என்பது அவர் கையில். இந்த மூன்று இடங்களையும் விட்டுவிட்டு 40 கிராமங்களில் பேரணி போவதில் என்ன பயன்?

ஆனால் பிணவறை வாசலில் நோட்டீஸ் நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் யார் கண்ணிலும் எழுத்து ஏறாது. துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவையுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் ஒருவர் நேரில் போய்ப் பேசட்டும். ஊரில் இதற்கென்று ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது, எந்தக் கன்சல்டன்டும் சொல்லித்தரவேண்டியதில்லை.

அந்த நோட்டீஸில் தொகையை அச்சடிக்காதீர்கள். ‘இத்தனை லட்சம் பெறலாம்’ என்று போட்டால் கூட்டம் வரும், நம்பிக்கையும் வரும். எந்தப் பாதிப்புக்கு எவ்வளவு என்பதற்கு அட்டவணை உண்டு, கேட்ட எல்லோருக்கும் கிடைத்துவிடாது. பாலியல் வன்முறைக்கும் அமில வீச்சுக்கும் உள்ளான பெண்களுக்கு 2018இல் வந்த தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் திட்டம் தனி. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் நிவாரணம் தருவது மாவட்ட நிர்வாகம், எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தண்டனை என்று கட்டம் கட்டமாக வரும். இதையெல்லாம் ஒரே ஃபிளெக்ஸில் ஏற்ற முடியாது. ‘கேட்க இடம் உண்டு, இந்த எண்ணில் கூப்பிடுங்கள்’ என்பது போதும்.

கூப்பிட்டால் யார் எடுப்பது? விண்ணப்பத்தில் அதற்குப் பதிலே இல்லை. சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்று அரசு எண்கள் இருக்கின்றன, போடுங்கள். ஆனால் மனுவை எழுத, கூடப் போக, மறுபடி மறுபடி நினைவூட்ட, ஊரில் ஒரு ஆள் வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, தேடி வருகிறவர்களைக் கவனிக்க ஆளில்லாமல் போனால், ஏற்கெனவே அலைந்து நொந்தவர்களை நாமும் ஒருமுறை அலைய விட்டதாகும். அதனால் குறும்படத்தை வெட்டிவிட்டு, ஒருவருக்கு ஒரு வருடச் சம்பளம் என்று எழுதுங்கள். நிதி தருகிறவர்களுக்குச் சம்பளம் என்றாலே கசக்கும், கேமரா வாடகை இனிக்கும். இருந்தாலும் எழுதுங்கள், ஏன் என்று நான்கு வரி காரணமும் சொல்லுங்கள். மனுதாரர்களின் பஸ் கட்டணத்தையும் அன்றைக்குப் போகும் கூலியையும் பட்ஜெட்டில் சேருங்கள். திண்டுக்கல் போய் வர ஒரு நாள் வேலை போகிறது என்பதாலேயே பாதி மனுக்கள் பாதியில் நிற்கும்.

இனி மேடை. என்னை மிகவும் சங்கடப்படுத்தியது விண்ணப்பத்தின் அந்தப் பத்திதான்.

நான் வேலை பார்த்த ஒரு சிறிய அமைப்பில், நிதி தந்தவர்கள் ஆண்டறிக்கைக்கு ஒரு ‘வெற்றிக் கதை’ கேட்டார்கள். எங்களிடம் உதவி பெற்ற ஒரு பெண்ணின் படத்தைப் போட்டோம். முகம் தெரியாமல், பின்னாலிருந்து எடுத்த படம். பெயரையும் மாற்றியிருந்தோம். எல்லாம் முறைப்படி செய்துவிட்ட திருப்தி எங்களுக்கு. அறிக்கையின் ஒரு பிரதி எப்படியோ அவருடைய ஊருக்குப் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து வந்தவர் வாசலிலேயே நின்றார். “புடவைய வச்சே கண்டுபுடிச்சுட்டாங்க சார்” என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை, அழவும் இல்லை. அதன்பிறகு அவர் அலுவலகப் பக்கம் வரவேயில்லை. அந்த ஆண்டு எங்களுக்கு நிதி நீட்டிக்கப்பட்டது.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. குழந்தைகளுக்கு போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. பெயரை மறைத்தால் மட்டும் போதாது, அவர் யாரென்று ஊகிக்க வைக்கும் எந்தத் தகவலையும் வெளியிடக் கூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வேன் ஓட்டுநரின் மனைவிக்கு இந்தச் சட்டங்கள் பொருந்தாதுதான். ஆனால் கொன்றவர்கள் வெளியே இருக்கிறார்கள், யாரென்றும் தெரியாது. இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிற ஒரு பெண்ணை மைக் பிடிக்கச் சொல்கிறீர்கள். அவர் ‘சரிங்க சார்’ என்றுதான் சொல்வார். மனு எழுதிக் கொடுத்த வாத்தியாரிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

‘படம், பெயர், மேடை கிடையாது’ என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். பலனை எப்படிக் காட்டுவீர்கள் என்ற கேள்வி வரும். ஐந்து லட்சம் பேரைச் சென்றடைவோம் என்று இப்போது எழுதியிருக்கிறீர்கள். அதை எண்ண உங்களாலும் முடியாது, அவர்களாலும் முடியாது. ஆறு மாதத்தில் எத்தனை மனுக்கள் ஆணைக்குழுவுக்குப் போயின, சம்பவம் நடந்து எத்தனை நாளில் போயின, எத்தனைக்கு முடிவு வந்தது என்று ஒரு பதிவேடு வையுங்கள். உங்கள் தெருவில் ஒன்றரை வருடம் ஆனது. அதை இரண்டு மாதமாகக் குறைப்போம் என்று எழுதுங்கள். எண்ணிக்கை 20தான் என்றால் 20 என்றே போடுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெளிநாட்டு நிதியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுக்கு மூன்று வருட அனுபவத்தோடு, அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற பெரிய அமைப்பும் அந்தப் பணத்தில் உங்களுக்குப் பங்கு தர முடியாது. கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதிக்கு வழி உண்டு. வருமானவரித் துறையில் 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் பதிவுகள், சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு, இதே மாதிரியான வேலையில் மூன்று வருட அனுபவம் தேவை. மனு எழுதித் தந்ததன் பதிவேடு இருந்தால் அதுவே சான்று. கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ‘குற்றத்தால் பாதிக்கப்பட்டோர்’ என்ற தலைப்பே கிடையாது. பெண்கள் மேம்பாடு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பின்தங்கியோர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல் ஆகிய தலைப்புகளில் ஒன்றின்கீழ் உங்கள் வேலை எப்படி வருகிறது என்று நீங்களே எழுதிக் கொடுக்கவேண்டும். கம்பெனிக்காரர் அந்த வேலையைச் செய்யமாட்டார்.

ஆனால் எல்லோருக்கும் முன்னால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரைப் போய்ப் பாருங்கள். சட்ட விழிப்புணர்வு அவர்களுடைய சட்டக் கடமை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், தேசிய ஆணையம் தன்னார்வ அமைப்புகளுக்கு மானியம் தரவும் இடம் இருக்கிறது. இருந்தாலும் முதல் சந்திப்பில் பணம் கேட்காதீர்கள். வழக்கறிஞரையும் சட்டத் தன்னார்வலரையும் கேளுங்கள், பிணவறைக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்க மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால் கம்பெனியில் பாதி வேலை முடிந்தது.

அமெரிக்கா பற்றிக் கேட்டிருந்தீர்கள். உண்மைதான். 1981 முதல் ஆண்டுதோறும் பாதிக்கப்பட்டோர் உரிமை வாரம் அனுசரிக்கிறார்கள், ஏப்ரலில் வரும். 1984இல் ஒரு சட்டம் போட்டு, மத்திய நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டவர்கள் கட்டும் அபராதத்தை ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி அதிலிருந்து போகிறது. வரிப்பணத்தை நம்பியதல்ல. குற்றம் செய்தவன் கட்டும் பணம் குற்றத்தால் அடிபட்டவரிடம் போய்ச் சேருகிற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அந்த வாரத்துக்கான போஸ்டர்களையும் அரசே வடிவமைத்து இலவசமாகத் தந்துவிடுகிறது. அதனால் அங்கே விண்ணப்பிக்கிற சின்ன அமைப்பு டிசைனுக்குப் பணம் கேட்கவேண்டியதில்லை. நீங்கள் டிசைனுக்கு மட்டும் 85,000 கேட்டிருக்கிறீர்கள்.

திருத்தி எழுதுங்கள். ஐந்து பக்கம் போதும். பதினோராம் பக்கத்தின் அந்த இரண்டு வரியை விரித்து முதல் பக்கமாக்குங்கள், பெயரும் ஊரும் வேனின் நிறமும் இல்லாமல். (வேனின் நிறத்தை ஏன் எழுதினீர்கள்?) எனக்கு அனுப்புவதற்கு முன் அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். எதையாவது எடுத்துவிடச் சொன்னால், காரணம் கேட்காமல் எடுத்துவிட்டு அனுப்புங்கள். சங்க இலக்கியத்தை நானே எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்