தூரத்துச் சிக்னலுக்கு எந்தக் காது? 160, 80 மீட்டர் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டில், செம்பனைக் (எண்ணெய்ப் பனை) காட்டு ஓரத்தில் எனக்கு வீடு. பொழுதுபோக்காக ரேடியோவில் உலகத்தோடு பேசும் ஹாம் வானொலியில், 80 மீட்டர், 160 மீட்டர் அலைநீளமுள்ள இரண்டு பேண்டுகள்தான் (அலைவரிசைகள்) எனக்கு உயிர். கேட்பதற்கென்று தனி ஆன்டெனா போடுவது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே.

அண்ணே, 80 மீட்டரில் ஜப்பான்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள், எனக்குத்தான் அவர்கள் இரைச்சலில் மூழ்கிப்போகிறார்கள். இன்வெர்டட் வீயை (தலைகீழ் V வடிவக் கம்பி ஆன்டெனா) இன்னும் உயர்த்தினால் சரியாகுமா? (கோல கங்சார்)

உயர்த்தினால் நீங்கள் அனுப்புவது இன்னும் நன்றாகப் போகும் தம்பி, ஆனால் இரைச்சல் பிரச்சினை பெரும்பாலும் அப்படியே இருக்கும். இந்த பேண்டுகளில் இரைச்சல் ரேடியோவுக்குள் பிறப்பதில்லை, வெளியே இருந்து வருகிறது: எங்கோ இடிக்கிற இடி, பக்கத்து வீட்டு அடாப்டர், தெருவிளக்கு. ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ராத்திரியில் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் சடாரென்று இறங்கினால் உங்கள் ரேடியோவுக்குத் தேவையான அளவு சிக்னல் ஏற்கெனவே கிடைக்கிறது, கூட்டித் தர ஒன்றுமில்லை என்று அர்த்தம். வேண்டியது வேண்டாத திசைகளைக் கேட்காத ஆன்டெனா. அது சிக்னலை நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு எடுத்தாலும் பரவாயில்லை. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் கணக்கு.

அந்த இடைவெளியை ஒப்பிட ஆர்டிஎஃப் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: விரும்பிய திசையில் ஆன்டெனா எவ்வளவு கேட்கிறது, எல்லாத் திசையும் சேர்த்துச் சராசரியாக எவ்வளவு கேட்கிறது என்பதன் வித்தியாசம். நேராக நிற்கும் ஒரு வெர்ட்டிகலுக்கு 5 டெசிபல் அளவு. கே9ஏஒய் லூப் (ஒரு கழியிலிருந்து தொங்கும் கம்பி வளையம்) 7க்கு மேலே வரும். ஒன்றரை, இரண்டு அலைநீளமுள்ள பெவரேஜ் (தரைக்குச் சற்று மேலே நீளமாக இழுத்துக் கட்டிய ஒற்றைக் கம்பி) 10ஐத் தாண்டும். மூன்று, நான்கு டெசிபல்தானே என்று நினைக்காதீர்கள், 160 மீட்டரில் அதுதான் ஒரு நாட்டைப் பிடிப்பதற்கும் விடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

செம்பனைத் தோட்டத்துக்குள் கம்பி இழுக்க அனுமதி கிடைத்திருக்கிறது. பெவரேஜ் போடலாமா, எவ்வளவு நீளம்? (தெலுக் இந்தான்)

கொடுத்து வைத்தவர் நீங்கள்! தாராளமாகப் போடுங்கள். 1921 டிசம்பரில் அமெரிக்க ஹாம்களின் சிக்னலைப் பிடிக்க பால் காட்லி என்ற அமெரிக்கர் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் அர்ட்ரோசனுக்குப் போனார். அங்கே அவர் வயலில் இழுத்துக் கட்டியது இதே பெவரேஜ்தான், நூறு வருடம் கழித்தும் அதன் மதிப்பு குறையவில்லை.

செம்பனையில் மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர். நிரையோடு 18 மரம் நடந்தால் 160 மீட்டர், அதாவது ஓர் அலைநீளம். முடிந்தால் 30 மரம் வரைக்கும் போங்கள். உயரம் 3 மீட்டர் போதும், ஆனால் குலை ஏற்றும் டிராக்டர் போகிற பாதையைக் கம்பி குறுக்கே வெட்டக்கூடாது. குலை வெட்டுகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் நீளக் கோலோடு மேலே பார்த்துக்கொண்டே நடப்பவர்கள், கம்பி கண்ணில் படாது. மட்டை விழுந்து அறுப்பது மாதம் ஒரு முறையாவது நடக்கும். அதனால் கம்பியை விறைப்பாகக் கட்டாமல் தொய்வு விட்டு, இன்சுலேட்டருக்குள் வழுக்கி ஓடுகிற மாதிரி விடுங்கள்.

கம்பியின் தூர முனையில் 450 ஓம் பக்கமாக ஒரு ரெசிஸ்டர், அதிலிருந்து மண்ணுக்குள் ஒரு செப்புக் கம்பி. ஆன்டெனா அந்த முனை இருக்கும் திசையைத்தான் கேட்கும், நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். திசைகாட்டியில் நம் பக்கத்திலிருந்து ஐரோப்பா சுமார் 320 டிகிரி, அதாவது வடமேற்கு; ஜப்பானும் அமெரிக்காவின் மேற்குக் கரையும் இரண்டுமே சுமார் 40 டிகிரி, அதாவது வடகிழக்கு. ஆக இரண்டு கம்பி போட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. நியூயார்க் பக்கம் மட்டும் கஷ்டம். அந்தப் பாதை ஏறக்குறைய வடதுருவத்தின் மேலேயே போகிறது, துருவ ஒளி தோன்றும் அரோரா மண்டலம் சிக்னலை விழுங்கிவிடும்.

எனக்கு 80 மீட்டர் நீளம்தான் இடம் இருக்கிறது. குட்டை பெவரேஜ் போட்டால் பாதிப் பலனாவது கிடைக்குமா? (பீடோர்)

80 மீட்டர் பேண்டுக்கு அது முழு அலைநீளம், நன்றாக வேலை செய்யும். 160க்கு அரை அலைநீளம்தான். அங்கே அதன் ஆர்டிஎஃப் வெர்ட்டிகலை விடக்கூட இறங்கிவிடும், அதற்குக் கே9ஏஒய் எவ்வளவோ மேல். ஏழு, எட்டு மீட்டர் கழி ஒன்று, அதிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக இரண்டு லூப், ஒவ்வொன்றுக்கும் 26 மீட்டர் கம்பி, அடியில் ஒரு ரிலே (மின்சாரத்தால் மாறும் சுவிட்ச்) பெட்டி. வீட்டுக்குள் உட்கார்ந்தபடி சுவிட்சைத் திருப்பினால் நான்கு திசை.

தமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீடு அங்கிள், பின்னால் ஆறு மீட்டர் இடம்கூட இல்லை. ரேடியோவின் சிக்னல் மீட்டர் (எஸ் மீட்டர்) காட்டும் இரைச்சல் எஸ்9, ரொம்ப அதிகம். விட்டுவிடவா? (ஈப்போ)

விடாதேம்மா. ஆனால் ஆன்டெனா வாங்குவதற்கு முன்னால் இரைச்சலைத் தேடு. பேட்டரி ரேடியோவைப் போட்டுக்கொண்டு வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பார். எனக்கு எஸ்9 இரைச்சலில் பாதி என் வீட்டுச் சாமி மேடையிலிருந்து வந்தது. ஓடி ஓடி எரிகிற எல்இடி சரவிளக்கு, அதன் அடாப்டர் ஒரு கட்டை விரல் அளவுதான். கையில் ரேடியோவோடு இருட்டில் அறை அறையாக நடந்து, மேடைக்கு முன்னால் வந்ததும் ஸ்பீக்கர் 'கர்ர்ர்' என்று அலறியது. அடாப்டரைப் பிடுங்கினேன், 80 மீட்டர் அப்படியே திறந்துகொண்டது. இப்போது அங்கே எண்ணெய் விளக்குதான் எரிகிறது.

மிச்ச இரைச்சலுக்கு ஒரு மீட்டர் விட்டமுள்ள சின்ன லூப் வை. கையால் திருப்ப முடிய வேண்டும். அது நன்றாகக் கேட்பதற்காக அல்ல, ஒரு திசையைக் கேட்காமல் இருப்பதற்காக. அதன் பூஜ்யம் (அது கேட்காத திசை) மிகக் கூர்மை, இரைச்சல் வரும் பக்கம் அதைத் திருப்பி நிறுத்து. சுவரை ஒட்டி மட்டும் வைக்காதே, சுவருக்குள் ஓடும் வயரெல்லாம் அதனோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வெறும் கேபிளை மட்டும் விட்டாலும் ஸ்டேஷன்கள் கேட்கின்றன. நல்லதுதானே ஐயா? (பத்து காஜா)

நல்லதில்லை. கேபிளின் வெளிப்பின்னலே ஆன்டெனாவாகி, வீட்டு இரைச்சலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. இப்படி இருந்தால் எவ்வளவு நல்ல லூப் போட்டாலும் வீண். ஆஸ்ட்ரோ சாட்டிலைட் டிவி டிஷ்சுக்குப் போடுகிற 75 ஓம் ஆர்ஜி-6 கேபிளே போதும், விலையும் குறைவு. ஆன்டெனாக் கம்பியும் கேபிளும் சேரும் இடத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்: 73 ரகத்து இரட்டைத் துளை ஃபெரைட்டில் (காந்தத் தன்மையுள்ள பீங்கான் கட்டி) கேபிள் பக்கம் 2 சுற்று, கம்பி பக்கம் 5 சுற்று. இரண்டும் ஒன்றையொன்று தொடாத தனித்தனிச் சுற்றாக இருக்க வேண்டும், அங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். அப்புறம் 31 ரகத்து ஃபெரைட் வளையத்தில் அதே கேபிளைப் பல சுற்று சுற்றி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வையுங்கள். வெறும் கேபிளை மறுபடி சோதித்துப் பாருங்கள், மௌனமாக இருக்க வேண்டும்.

லூப் போட்ட பிறகு எஸ் மீட்டர் முள் அசையவே இல்லை. பழுதா? (ரவூப்)

பழுது இல்லை, அது அப்படித்தான். முள்ளை மறந்துவிட்டு காதில் ஹெட்போன் போடுங்கள். கேபிளைக் கழற்றினாலும் இரைச்சல் இறங்கவில்லை என்றால் மட்டும் இரைச்சல் குறைந்த ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் கருவி) ஒன்று சேருங்கள். பெவரேஜுக்குப் பெரும்பாலும் வேண்டியிருக்காது. இன்னொன்று, அனுப்பும்போது கேட்பு ஆன்டெனாவை ரிலேயால் துண்டியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பவரே ரேடியோவின் முன்பகுதியை எரித்துவிடும்.

எப்போது கேட்க உட்காரலாம்? இங்கே தினமும் இடிதானே. (சுங்கை சிப்புட்)

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் நம் பக்கம் இடி மாதங்கள், 160 மீட்டரில் பொறுமைதான் வேண்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பாருங்கள், அப்போது வடக்கே குளிர்காலம், இரவு நீளம். விடிய ஓர் அரை மணி இருக்கும்போது, ஆறேமுக்கால் மணி சுமாருக்கு ஐரோப்பா வரும். பொழுது சாயும்போது வடகிழக்குக் கம்பிக்கு மாறுங்கள். நமக்கு நேர் எதிர்ப்புறம், பூமியின் அந்தப் பக்கம், ஈக்குவடோர், பெரு எல்லை. அங்கிருந்து வருகிற சிக்னல் எந்தத் திசையிலிருந்தும் வரலாம், எல்லாச் சுவிட்சையும் திருப்பிப் பாருங்கள்.

கேட்டு முடித்ததும், மின்னலை நினைத்து, கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். போன வருடம் ஒரு மாலை மறந்துபோனேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் தூர முனையில் இருந்த ரெசிஸ்டர் இரண்டாகப் பிளந்து, பெட்டிக்குள் கரி மட்டும் ஒட்டியிருந்தது. இப்போது சட்டைப் பையில் இரண்டு 470 ஓம் ரெசிஸ்டர் எப்போதும் இருக்கும், பக்கத்தில் இருப்பவர் நீங்கள், வந்தால் ஒன்று தருகிறேன்.