பழைய பாலத்தைச் சீரமைக்க மக்கள் ஆதரவை எப்படித் திரட்டுவது?

உங்கள் பகுதியில் உள்ள நூறாண்டுக் கல்பாலத்தை இடிக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது, பாரம்பரியம் என்று சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாரம்பரியம் என்ற சொல்லைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். அந்தச் சொல்லுக்காக வருகிறவர்கள் இதற்குள் வந்திருப்பார்கள். நீங்கள் தேட வேண்டியது, பாலம் போனால் சுற்றுவழியில் போக வேண்டியவர்களை.

உங்கள் நிலைமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருப்பீர்கள். பழைய புகைப்படம் ஒன்றைப் போட்டதும் குழு முழுக்க இதயம் பறந்திருக்கும். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அதே நாலைந்து பேர்தான். எங்களுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்களுடையது ஓடைக்கு மேல் மூன்று கண் கல்பாலம். முதலில் லாரி போகக் கூடாது என்றார்கள், அப்புறம் எதுவுமே போகக் கூடாது என்று தடுப்பு வைத்தார்கள். தடுப்பைத் தாண்டி மக்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். நாங்கள் காலையிலும் மாலையிலும் பாலத்தின் இரு முனையிலும் நின்று, போகிறவர்களிடம் மூன்றே கேள்வி கேட்டோம்: எங்கே போகிறீர்கள், பாலம் இல்லாவிட்டால் எந்த வழியாகப் போவீர்கள், எவ்வளவு நேரம் கூடும். பதிலை அவரவர் கையெழுத்திலேயே எழுதி வாங்கினோம். கையெழுத்து வேட்டை மட்டும் நடத்தியிருந்தால் அது ஒரு கட்டுக் காகிதமாக அலமாரிக்குப் போயிருக்கும். தன் கதையை எழுதிக் கொடுத்தவர்கள் கூட்டத்துக்கும் வந்தார்கள். கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தினமும் மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு போகும் ஒரு அம்மா எழுந்து, "புதுப் பாலம் வரட்டும் சார். அதுவரைக்கும் இவரை நான் எந்த வழியா தள்ளிட்டுப் போறது?" என்று கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள்.

அடுத்தது ஆய்வறிக்கை. "பலவீனமாகிவிட்டது" என்று வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எது பலவீனம்? அடித்தளமா, வளைவா, கைப்பிடிச் சுவரா? எழுத்தில் கேளுங்கள். கல் வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்திக்கொண்டு நிற்கிறது. அழுத்தம் தாங்குவதில் கல் கெட்டி. அதைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மேலிருந்து மழைநீர் இறங்கி உள்ளே இருக்கும் மண்ணை ஊறவைக்கும். சந்துகளில் செடி முளைத்து வேர் கல்லைத் தள்ளும். வெள்ளம் தூணின் அடிமண்ணை அரிக்கும். முதல் இரண்டும் சரிசெய்யக்கூடியவை. மூன்றாவது இருந்தால் விஷயம் பெரிது, அதை மறைத்து வைத்துப் போராடாதீர்கள்.

எங்கள் பாலத்தில் நடந்ததைச் சொல்கிறேன், இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அழகுபடுத்துகிறோம் என்று ஒரு ஒப்பந்ததாரர் வந்து பக்கச் சுவர் முழுக்கச் சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார். தண்ணீர் வடிவதற்கென்று பழைய ஆட்கள் விட்டிருந்த துளைகளையும் சேர்த்துப் பூசிவிட்டார். என் அப்பா கொத்தனார், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். அவரை அழைத்துப் போய்க் காட்டினேன். சுத்தியலால் லேசாகத் தட்டினார். பூச்சு பலகை பலகையாக விழுந்தது. அதன் பின்பக்கம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கல்லின் மேல்தோல் பூச்சோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. ஈரக் கல்லை விரலால் தேய்த்தார், மாவு மாதிரி உதிர்ந்தது. "தண்ணிய வெளிய விடாம உள்ளேயே பூட்டி வச்சிருக்கான்" என்றார்.

சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும், கல் கொஞ்சம் அசைந்தாலும் கூடவே கொடுக்கும். காலப்போக்கில் தேய்வது சாந்து, கல் தப்பிக்கும். சாந்தைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். சிமென்ட் வைத்தால் கணக்கு தலைகீழ். அதனால் உங்கள் கோரிக்கை மனுவில் "சீரமைக்க வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தச் சாந்து, யார் மேற்பார்வை, முதலில் எந்த இடத்தில் சோதனைப் பூச்சு என்பதும் மனுவில் இருக்கட்டும்.

யாராவது பொறியாளர் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன். பழையது எல்லாம் உறுதி, புதியது எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. குஜராத்தின் மோர்பியில் பழைய தொங்கு பாலத்தைப் புதுப்பித்துவிட்டோம் என்று 2022 அக்டோபர் 26 அன்று திறந்தார்கள், 30ஆம் தேதி அறுந்து விழுந்தது. 135 பேர் செத்தார்கள். நடைதளத்தை மாற்றினார்கள், பாரம் தாங்கும் பழைய வடத்தை மாற்றவில்லை. ஆதரவு திரட்டுகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. திறப்பு விழாத் தேதிக்காக யாரையும் அவசரப்படுத்தாதீர்கள்.

ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெருவில் அபுரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வசாக்கா என்று ஒரு புல்கயிற்றுப் பாலம் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதம் பழையதை அவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக் கயிற்றைத் திரித்துக்கொண்டு வர வேண்டும். 2013இல் யுனெஸ்கோ அந்த அறிவையும் சடங்கையும் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாலம் நிலைப்பது அந்தக் கைகளால்தான்.

நம்மிடம் அந்தக் கைகளுக்கு என்ன மரியாதை? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாலத்தைச் சீரமைத்துத் திறந்த அன்று வைத்த கல்வெட்டில் விழாவுக்கு வந்தவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. சாந்து அரைத்தவர், சந்து சந்தாகச் சிமென்ட்டைக் கொத்தி எடுத்தவர், ஒருவர் பெயரும் இல்லை. அவர்களுக்கு நாற்காலிகூடப் போடவில்லை, ஓரமாக நின்றார்கள். சுண்ணாம்பைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தே பதம் சொல்லும் ஆட்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு ஏன் வருவார்கள்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பாலத்தில் இப்போது நடப்பவர்களும் சைக்கிளும் போகலாம், பெரிய வண்டிகளுக்கு வேறு வழி. ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் இன்னும் பாக்கி, அதற்கு அலைந்துகொண்டிருக்கிறோம். நீங்கள் அடுத்த மழை விட்டதும் பாலத்தின் அடியில் இறங்கி (தண்ணீர் வடிந்த பிறகு, தனியாகப் போகாமல்) எங்கே கசிகிறது, எங்கே காய்ந்திருக்கிறது என்று தேதியோடு படம் எடுங்கள். அவற்றை இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள். அப்பாவால் இப்போது கரண்டி பிடிக்க முடியாது, படத்தைக் காட்டினால் பார்த்துச் சொல்வார்.