30,031 பகா எண்ணா? போன் இல்லாமல் சரிபார்க்கும் வழி

கேள்வி: கோத்தகிரியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று விளக்க, 2, 3, 5, 7, 11, 13 ஆறையும் பெருக்கி 1 கூட்டி, கிடைத்த 30,031 ஒரு பகா எண் என்று சொன்னேன். ஒரு மாணவன் செல்போனில் போட்டுப் பார்த்துவிட்டு, 59-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது என்கிறான். எது சரி? போன் இல்லாமல் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: மாணவன் சொன்னதுதான் சரி. 59 × 500 = 29,500. மிச்சம் 531, அது 59 × 9. ஆக, 30,031 = 59 × 509. அவனை வகுப்பில் எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள்.

நீங்கள் பெருக்கிக் கூட்டியதில் தப்பில்லை. 30,030-ஐ அந்த ஆறு எண்களும் மீதியின்றி வகுக்கும். 1 கூட்டியதும் ஆறிலும் மீதி 1 நிற்கும். அதனால் அந்த ஆறில் எதுவும் 30,031-ஐ வகுக்காது. அவ்வளவுதான் தெரியும். வேறொரு பகா எண் வகுக்கலாமே! கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் காட்டியதும் இதைத்தான்: கிடைக்கும் எண் பகா எண்ணாக இருக்கும், இல்லையென்றால் பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் அதை வகுக்கும். எப்படிப் பார்த்தாலும் பட்டியலுக்கு வெளியே ஒன்று உண்டு. 2 + 1, 2 × 3 + 1, 2 × 3 × 5 + 1 என்று போனால் முதல் ஐந்து தடவை வருகிற 3, 7, 31, 211, 2,311 எல்லாமே பகா எண்கள் என்பதால் பலரும் நம்பிவிடுகிறார்கள். ஆறாவதுதான் காலை வாரிவிடுகிறது.

சரி, கையால் எப்படி? 173-ன் வர்க்கம் 29,929. 174-ன் வர்க்கம் 30,276. ஓர் எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரித்தால், இரண்டும் ஒருசேர அதன் வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது; ஒன்றாவது அதற்குள் அடங்கும். அதனால் 173 வரை பார்த்தால் போதும். அதிலும் பகா எண்களை மட்டும்; 17 வகுக்காதபோது 34-ம் 51-ம் வகுக்காது. ஏற்கெனவே கழிந்த ஆறு போக, 17 முதல் 173 வரை 34 பகா எண்கள். வரிசையாகப் போனால் பதினோராவதாக 59 வந்துவிடும்.

அப்புறம் 509 பகா எண்ணா என்று கேட்பார்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், கணக்கின் அழகே இங்கேதான் இருக்கிறது. 509-ஐ வகுக்கும் எந்த எண்ணும் 30,031-ஐயும் வகுக்கும். 59-க்குக் கீழே எந்தப் பகா எண்ணும் வகுக்கவில்லை என்று பார்த்தாயிற்று. 509-ன் வர்க்கமூலமோ 23-க்கும் குறைவு. புதிதாக ஒரு வகுத்தல்கூடப் போடாமல் 509 பகா எண் என்று தெரிந்துவிடுகிறது.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு டீத்தூள் பாக்கெட்டை வைத்தே சொல்லலாம். 30,030 பாக்கெட்டுகளைப் பெட்டிக்கு 10, 30, 42 என்று மிச்சமில்லாமல் அடுக்க 64 வழிகள். ஒரே ஒரு பாக்கெட் கூடட்டும், நான்கே வழிகள்தான்: பெட்டிக்கு 1, 59, 509, அல்லது மொத்தமும் ஒரே பெட்டியில். பாடத்தில் வரும் அடிப்படை எண்ணியல் தேற்றத்தை (1-ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும் என்பது) இதோடு சேர்த்து நடத்துங்கள்.

வீட்டுப்பாடமாக 17-ஐயும் சேர்த்துப் பெருக்கி 1 கூட்டச் சொல்லுங்கள். 5,10,511 வரும். வர்க்கமூலம் 714-ஐத் தாண்டுகிறதே என்று மலைக்க வேண்டாம். முதலில் சோதிக்க வேண்டிய 19-ஏ வகுத்துவிடும். விடை 19 × 97 × 277.