பீடோங் பக்கம் தோட்ட நிலத்தில் கட்டுமுன் தொல்லியல் சோதனை தேவையா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் பழைய செம்பனை நிலத்தில் கடைவீடு கட்டப் போகிறீர்கள். தோட்டம் போட்டபோதே அடியில் இருந்ததெல்லாம் அழிந்திருக்காதா என்று கேட்கிறீர்கள். அப்படி நம்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய இடங்களும் படகுத்துறைகளும் செம்பனைத் தோட்டத்துக்குள்தான் வெளிப்பட்டன.

முதலில் பழைய தோட்ட வரைபடம், நில அளவை வரைபடம் இரண்டையும் வாங்கி, ஆறு முன்பு ஓடிய தடத்தைத் தேடுங்கள். அப்புறம் மழை விட்டதும் நிலத்தில் நடங்கள். வடிகால் ஓரமும் மறுநடவுக்குப் புரட்டிய மண்ணும் நிறையச் சொல்லும்: பழைய செங்கல், கனத்த கருப்பு இரும்புக் கசடு, உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழாயின் துண்டு. எதையும் பொறுக்காதீர்கள், கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். எங்கே, எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் பாதி சான்று.

இவை தென்பட்டால் தொல்லியலாளரை வைத்துச் சோதனைக் குழி போடுங்கள். 2013-இல் இதே வட்டாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் சண்டி (பழங்காலக் கோயிலின் எச்சம்) மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த கோயிலுக்கே அந்தக் கதி என்பது இன்னும் வலிக்கிறது.

வேலை நடுவே ஏதாவது கிடைத்தால் மண்வாரியை நிறுத்திவிட்டு மாவட்ட அதிகாரியிடம் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி அது கடமை.