வேலைத்தல வன்முறைத் தடுப்புத் திட்டத்தை ஒருமுறை எழுதி வைத்தால் போதுமா?

மட்டக்களப்பில் 60 பேர் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலை, 2022இல் எழுதிய திட்டம் பைலில் இருக்கிறது, அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அதில் பொறுப்பாளர் என்று பெயர் போட்டவர் இன்னும் உங்களிடம் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அவர் கட்டாருக்குப் போயிருப்பார்.

சட்டம் என்று பார்த்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டது. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் உள்ளவர் சொல்லாலோ செயலாலோ கொடுக்கும் பாலியல் தொல்லையும் அதில் குற்றம். 5 ஆண்டு வரை சிறை.

திட்டத்தை எப்படிப் புதுப்பிப்பது என்பதற்கு கலிபோர்னியாச் சட்டம் நல்ல மாதிரி. இங்கே அது செல்லாது, ஆனால் தெளிவானது. 2024 ஜூலை 1 முதல் அங்கே திட்டத்தை ஆண்டுக்கொரு முறையும், சம்பவம் நடந்த பின்பும், குறை தெரிந்தவுடனும் மீளாய்வு செய்ய வேண்டும். சம்பவப் பதிவேட்டை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதில் ஆட்களை அடையாளம் காட்டும் விவரம் வரக்கூடாது.

நீங்களும் ஒரு கொப்பி போடுங்கள். அடிதடி மட்டும் எழுதினால் அது வெறுமையாகவே கிடக்கும். குடித்துவிட்டு வந்து கேட்டில் கத்தும் கணவன், நுண்கடன் வசூலிக்க வந்து மிரட்டுபவர், இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் நடக்கும் சீண்டல், சூப்பர்வைசரின் கெட்ட வார்த்தை எல்லாம் அதில் வரவேண்டும். மூன்று மாதம் எழுதிப் பார்த்தால் எந்த நேரம், எந்த இடம் என்று உங்களுக்கே தெரியும். லைட் போடுவதா, பஸ்ஸை உள்ளே எடுப்பதா என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி எண் 1938 இரண்டையும் கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். மேனேஜர் அறைக்கு முன்னால் ஒட்டினால் ஒருவரும் நின்று வாசிக்கமாட்டார்கள்.