வரத்துக்காலோரம் ஒரு வண்டிப்பாதை

அன்புள்ள ஐயா,

மாசியில் ஊருக்கு வந்திருந்தேன். செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஊர். சின்ன வயதில் அப்பத்தாவோடு அய்யனார் கோயிலுக்கு நடந்துபோன வண்டிப்பாதையில் இந்தத் தடவை என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாதி தூரத்தில் கம்பிவேலி. உள்ளே மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள், கயிற்றில் வண்ணக் கொடிகள். திரும்பி வந்துவிட்டோம். நிலத்தை விற்றவர் எங்கள் சித்தப்பாதான், மகள் கல்யாணத்துக்காக விற்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்னையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஊர் மட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது நியாயமா?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள அம்மா,

நியாயம்தான். உங்கள் சித்தப்பா செய்ததிலும் எனக்கு வருத்தமில்லை. மழை பொய்த்தால் விதைநெல்கூட மிஞ்சாத சீமை இது. கல்யாணச் செலவுக்கு ஒருவர் தன் புஞ்சையை விற்பதைத் தப்பென்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனால் அவர் விற்றது அவருடைய நிலத்தை. அந்த வண்டிப்பாதை அவருடையதா என்பதுதான் கேள்வி. ஊர்க்கணக்கில் அது பாதைப் புறம்போக்காக இருந்தால் அதை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. வேலி அதையும் சேர்த்து வளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நானும் பங்குனி முழுக்க விடிகாலையில் நடக்கிறவன். எங்கள் கண்மாய்க்கரையில் நாலு இலுப்பை மரங்கள் நிற்கின்றன. பழைய இலையெல்லாம் கொட்டி, செம்புநிறத்தில் தளிர் விட்டிருக்கும். ராத்திரியில் மலர்ந்த பூ விடியும்போது உதிரும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். வெண்ணெய் நிறத்தில் தடித்த சின்னக் குமிழ், உள்ளே பிசுபிசுவென்று இனிப்பு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சும்மா சொல்லவில்லை. வௌவால் கடித்துப் போட்ட பூக்கள் தரையெல்லாம் கிடக்கும், அதை மொய்க்கிற எறும்பை மிதிக்காமல் நடப்பதே பெரிய பாடு. அப்பால் வேம்பு பூக்க ஆரம்பித்திருக்கும். கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். அது இன்னும் வற்றினால் மீன்பிடித் திருவிழா. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஊத்தாக் கூடையோடு வந்து இறங்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கண்மாயின் வரத்துக்காலில், அதாவது மழைத்தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுவரும் வாய்க்காலில், ஒரு மனைக்கல்லைப் பார்த்தேன். காலின் நட்டநடுவில், தண்ணீர் அரித்த மணல்மேல், கிராவல் கொட்டி மட்டம்செய்த திட்டில் நின்றது. கல்லில் எண் 14. அந்த ஐப்பசியில் நல்ல மழை. தண்ணீர் கண்மாய்க்குப் போகாமல் கீழத்தெருவுக்குள் வந்தது. கண்மாய் பாதிகூட நிறையவில்லை. பதினாலாம் மனையை வாங்கியவர் வெளிநாட்டில் உழைக்கும் ஒரு பையன், அவனும் ஏமாந்தவன்தான்.

எங்கள் பக்கம் பாதையும் தண்ணீரும் சேர்ந்தே போகும். வரத்துக்காலின் கரைதான் வண்டிப்பாதை. அதனால் பாதையை அடைத்தால் பெரும்பாலும் தண்ணீரையும் அடைத்ததாகிவிடும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத செட்டிநாட்டில் இத்தனை ஊர்கள் பிழைத்தது மழைத்தண்ணீரை ஓடவிடாமல் பிடித்ததால்தான். முற்றத்தில் விழுந்த மழை வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து, அங்கிருந்து ஊர்க்குளமான ஊருணிக்குப் போகும்படி கட்டினார்கள். செம்புராங்கல் படிக்கட்டு போட்ட அந்த ஊருணிகளும் வீடுகளோடு சேர்ந்த கட்டுமானம்தான். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றபோதும் வீடுகளை மட்டும் தனியாகச் சேர்க்கவில்லை, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்பு என்றே செட்டிநாடு சேர்க்கப்பட்டது. தேக்குத்தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்க்க வருகிறவர்களிடம் நான் ஊருணியைக் காட்டாமல் விடுவதில்லை.

காரைக்குடி வளரத்தான் செய்யும். 2024-ல் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சில ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. சாலையும் விளக்கும் வரும், வரட்டும். எனக்கு உறுத்துவது வேறு. ஊராட்சி போனால் கிராமசபை போகிறது. வரத்துக்காலைத் தூர்வாரிய ஊரக வேலைத் திட்டமும் போகிறது. மனை விலை ஏறுகிற அதே நேரத்தில், வாய்க்காலைப் பற்றிக் கேட்க ஊர் கூடுகிற இடம் இல்லாமல் போகிறது.

ஊராட்சியாகவே இருக்கும் ஊர்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும், அதன் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். சர்வே எண் இருந்தால் போதும். எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்ய 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது, 2017-ல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. நீர்நிலைக்கும் வாய்க்காலுக்கும் அந்த விதிகளில் இடமில்லை. மனை வாங்கப் போகும் உறவினர்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவர்கள் காசும் பிழைக்கும்.

ஊர் எழுந்தால் நடக்கும் என்பதற்குத் தூரமாய்ப் போக வேண்டாம். மேலூர் பக்கத்து மக்கள் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2025 ஜனவரியில் மதுரைவரை நடந்தே போனார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. அப்புறம், நம் கொள்ளுக்குடிப்பட்டி. கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர். அங்கே பிள்ளைகளுக்கும் அது பழகிப்போயிருக்கிறது.

எங்கள் வரத்துக்காலுக்கு எல்லைக்கல் நடச் சொல்லி, வரும் மார்ச் 22 தண்ணீர் தினக் கிராமசபையில் மனு வைக்கிறோம். புலப்பட நகலை நானே எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஊருக்கும் வேண்டுமானால் சர்வே எண்ணை எழுதுங்கள். மகளை அழைத்துக்கொண்டு இன்னொரு முறை வாருங்கள். பங்குனிக் கடைசிவரை இலுப்பைப்பூ விழும். ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும், வெயில் ஏறினால் பூ வாடிவிடும்.