சிந்தெட்டிக் ஸ்டாக்கில் பெயின்ட் நிற்க வேண்டுமா? கேள்வி பதில்

ரைஃபிளின் பிளாஸ்டிக் ஸ்டாக்குக்கு (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டைப் பகுதி) வீட்டிலேயே ஸ்ப்ரே அடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எதைத் தொடங்கும் முன்பும் மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறங்கள், சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள்.

அண்ணா, டெக்சாஸில் இருக்கிறேன். ரூகர் அமெரிக்கன் ரைஃபிள், கறுப்பு ஸ்டாக். அடித்த கேமோ (செடிகொடியோடு கலந்து மறையும் டிசைன்) பெயின்ட் மான் சீசன் முடிவதற்குள் கை பிடிக்கும் இடத்தில் தோல் தோலாக உரிந்துவிட்டது. பெயின்ட் மட்டமா?

பெயின்ட் மேல் எனக்குச் சந்தேகமில்லை. தோலாக உரிகிறது என்றால் அது அடியில் பிடிக்கவே இல்லை. இந்த ஸ்டாக்குகள் அச்சில் வார்த்தவை. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரப் பூசும் பொருள் மேலே கொஞ்சம் தங்கியிருக்கலாம். அதோடு துப்பாக்கி எண்ணெய், கை வியர்வை, சிலிகோன் துணியால் துடைத்த படிவு. இதன் மேல் எந்த பெயின்டும் நிற்காது.

ஆக்‌ஷனைக் (போல்ட், சேம்பர் இருக்கும் உலோகப் பாகம்) கழற்றி, ஸ்டாக்கை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிடியில் உள்ள சொரசொரப்புக்குள் பழைய டூத்பிரஷ்ஷை விட்டுத் தேயுங்கள். காய்ந்தபின் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். வரிசையை மாற்றினால் எண்ணெயை நீங்களே கீறல்களுக்குள் தேய்த்துவிடுவீர்கள். 320 அல்லது 400 நம்பர் போதும். பளபளப்பு போய் மங்கினால் சரி, தோண்ட வேண்டாம். மறுபடி ஆல்கஹால். அதன்பின் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உங்கள் ஸ்டாக்கில் மிச்சமிருக்கும் பழைய பெயின்டையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

பிரைமர் கட்டாயமா?

கிரைலான் ஃபியூஷன் மாதிரி பிளாஸ்டிக்குக்கென்றே வரும் பெயின்ட் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் பாலிப்ரோப்பிலீன் வகையில் பெயின்ட் லேசில் ஒட்டாது. அதற்கு முதலில் அட்ஹீஷன் ப்ரமோட்டர் (பெயின்ட் ஒட்ட உதவும் அடிப்பூச்சு) ஒரு மெல்லிய கோட் வேண்டும். உங்களுடையது என்ன பிளாஸ்டிக் என்று தெரியவில்லையா? பின்பக்க ரப்பர் பேடைக் கழற்றினால் தெரியும் இடத்தில் கொஞ்சம் அடித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்ததும் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயின்ட் வந்தால் ப்ரமோட்டர் வேண்டும்.

சார், கோயம்புத்தூர். ஏர் ரைஃபிள்தான். இங்கே அந்த ப்ரமோட்டர் எங்கே கிடைக்கும்? மழைக்காலத்தில் அடிக்கலாமா?

கார் பெயின்ட் விற்கும் கடையில் பம்பருக்கு அடிக்கும் பிபி (பாலிப்ரோப்பிலீன்) பிரைமர் என்று கேளுங்கள், அதே வேலையைச் செய்யும். என்சி (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டுக்கான) தின்னரால் மட்டும் துடைக்காதீர்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் மேற்பரப்பு இளகிவிடும்.

மழை நாளில் வேண்டாம். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பெயின்ட் வெளுத்து, பால் படர்ந்த மாதிரி ஆகிவிடும். வெயில் அடிக்கும் நாளில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் முகமூடி போட்டு அடியுங்கள். 25 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஸ்டாக்குக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியுங்கள். முதல் பூச்சில் அடிநிறம் தெரியத்தான் வேண்டும். ஒரே பூச்சில் மூடிவிடப் பார்ப்பவர்களுக்குத்தான் பெயின்ட் வழிகிறது.

ரப்பர் பூச்சு உள்ள ஹோக் கம்பெனி ஸ்டாக்குக்கு அடிக்கலாமா?

விட்டுவிடுங்கள். அழுத்தினால் அமுங்கும் பரப்பில் பெயின்ட் விரிசல் விடும்.

கேமோ டிசைனுக்கு ஸ்டென்சில் வாங்க வேண்டுமா?

காசு வீண். வெளிர் நிறத்தை முதலில் முழுக்க அடித்து, காய்ந்ததும் புல், இலை, துணி துவைக்கும் வலைப்பை இவற்றில் ஏதாவது ஒன்றை மேலே வைத்து அடர்ந்த நிறத்தை லேசாகத் தூவுங்கள். நீங்கள் வேட்டையாடும் இடத்துச் செடியையே பறித்து வைத்தால் அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான டிசைன் கிடையாது. மொத்தம் மூன்று நிறத்துக்கு மேல் போனால் தூரத்தில் எல்லாம் ஒரே சேறாகத் தெரியும்.

மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) வேண்டுமா? பேரல் சுத்தம் செய்யும் ஹாப்பீஸ் நம்பர் 9 பட்டால் பெயின்ட் போய்விடுகிறதே.

போகும். சாதாரண கேன் பெயின்ட் அந்த மாதிரி சால்வென்ட்டைத் தாங்காது. மேட் கிளியர் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பேரலைச் சுத்தம் செய்யும்போது ஸ்டாக்கின் மேல் துணி போடுங்கள், சொட்டினால் உடனே ஒற்றி எடுங்கள். டூ-கே கிளியர் (ஹார்டனர் கலந்து இறுகும் இரண்டு பாக வகை) தாங்கும்தான். ஆனால் அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்துவிடும், சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. வீட்டில் அதை அடிக்கச் சொல்லி யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

எப்போது திரும்பப் பூட்டலாம்?

தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் இல்லை. ஒரு வாரம் தொங்கவிடுங்கள். ஆக்‌ஷன் உட்காரும் குழியையும் ஸ்க்ரூ துளைகளையும் அடிப்பதற்கு முன்பே டேப்பால் மூடியிருக்க வேண்டும். அங்கே பெயின்ட் படிந்தால் ஆக்‌ஷன் பழையபடி உட்காராது, குறியும் மாறும். பூட்டும்போது ஸ்க்ரூவைக் கை அளவில் முறுக்காமல் டார்க் ரெஞ்சில் (முறுக்கும் அளவைக் காட்டும் கருவி), தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். பிறகு ரேஞ்சுக்குப் போய் ஸீரோ, அதாவது குறி வைத்த இடத்தில் குண்டு படுகிறதா என்று சரிபாருங்கள்.